சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா? வீட்டு பிளாஸ்டிக் ஃபைபரில் கோளாறைப் பிடிக்கும் வழி

என் அத்தை போனில் சொன்னது இது: "தம்பி, புது சவுண்ட்பார் மாட்டினதிலிருந்து டிவி ஊமையாயிடுச்சுப்பா." போய்ப் பார்த்தேன். ஆப்டிகல் கேபிளின் முனையில் கடையிலிருந்து வந்த கண்ணாடி மாதிரியான குட்டி மூடியைக் கழற்றாமலே செருகியிருந்தார்கள். ஒரு நொடி வேலை. அதைச் சிரித்துக்கொண்டே சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. போன வருடம் என் வீட்டு மாடிக்கு இழுத்த ஃபைபரில், ஒரு அடாப்டர் செத்துப்போனது தெரியாமல் முழு ஞாயிற்றுக்கிழமையும் கேபிளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் பிளாஸ்டிக் ஃபைபர் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் இருக்கும். ஒன்று, டிவிக்கும் சவுண்ட்பாருக்கும் நடுவே போகும் ஆப்டிகல் ஆடியோ கேபிள். தோஷிபா நிறுவனம் 1983-ல் சிடி பிளேயர்களுக்காகக் கொண்டுவந்தது. டாஸ்லிங்க் என்ற இதன் பெயரில் 'தோஷிபா' ஒளிந்திருப்பது அதனால்தான். மற்றொன்று, ரவுட்டர் இருக்கும் அறையிலிருந்து வைஃபை எட்டாத அறைக்கு இன்டர்நெட் கொண்டுபோக, இரண்டு முனையிலும் கன்வெர்ட்டர் பெட்டி (லேன் வயரின் மின் சிக்னலை வெளிச்சமாகவும், வெளிச்சத்தை மறுபடி மின் சிக்னலாகவும் மாற்றுவது) வைத்து இழுக்கும் இரட்டை இழை. பார்க்க வேறு வேறாக இருந்தாலும் உள்ளே சரக்கு ஒன்றுதான்: 1 மி.மீ. தடிமனுள்ள அக்ரிலிக் இழை. அதில் ஓடுவது 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு எல்இடி வெளிச்சம்.

இந்தச் சிவப்புதான் நமக்குக் கிடைத்த வரம். தாமிரக் கம்பியில் சிக்னல் வருகிறதா என்று பார்க்கக் கருவி வேண்டும். இதற்குக் கண் போதும். கேபிளின் ஒரு முனையைக் கழற்றி, உள்ளங்கைக்கோ வெள்ளைத்தாளுக்கோ அருகில் பிடித்தால் சிவப்புப் பொட்டு விழும். விழுந்தால் கோளாறு செட்டிங்கிலோ, வாங்கும் பக்கத்துப் பெட்டியிலோ. விழாவிட்டால் அனுப்பும் பெட்டியிலோ, இழையிலோ. கீழே சொல்லும் எல்லா அறிகுறிகளுக்கும் முதல் கேள்வி இதுதான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. இன்டர்நெட் கம்பெனிக்காரர் வீட்டுக்குள் கொண்டுவரும் மெல்லிய கண்ணாடி ஃபைபரில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். இருட்டாகத்தான் தெரியும், ஆனால் உள்ளே வெளிச்சம் இருக்கும். அந்தக் கேபிளை அப்படியே விட்டுவிடுங்கள்.

டிவி சத்தம் வரவில்லை, முனையில் சிவப்பும் இல்லை

முதலில் கேபிளை டிவி பக்கம் விட்டுவிட்டு, சவுண்ட்பார் பக்கம் மட்டும் கழற்றுங்கள். பொட்டு தெரியவில்லையா? இப்போது டிவி பக்கமும் கழற்றி, டிவியின் ஆப்டிகல் துளையைப் பாருங்கள். அங்கே சிவப்பு மினுங்கினால் கேபிள்தான் குற்றவாளி. அங்கேயும் இருட்டு என்றால் டிவி அனுப்பவே இல்லை. செட்டிங்கில் சவுண்ட் அவுட்புட் இன்னும் 'டிவி ஸ்பீக்கர்' என்று இருக்கலாம். 'ஆப்டிகல்' என்று மாற்றியதும் சில டிவிகளில் அப்போதுதான் விளக்கே எரியும்.

துளையில் வேறொன்றையும் பாருங்கள். சில சாதனங்களில் தூசு புகாமலிருக்கச் சதுரமான கறுப்பு அடைப்பான் செருகி அனுப்புவார்கள். அதை எடுக்காமல் கேபிளை அழுத்தினால் பாதிதான் இறங்கும். சிலவற்றில் சிறு கதவு இருக்கும், கேபிள் தள்ளினால் தானே திறக்கும். ரொம்ப நாள் திறந்தே கிடந்த துளை என்றால் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நம்மூர் குளவிக்குத் துளை என்றால் போதும், மண் வைத்துவிடும்.

கேபிளையே சோதிக்க மொபைல் டார்ச் போதும். ஒரு முனையில் அடித்தால் மறுமுனை விளக்குப்போல ஒளிர வேண்டும். மங்கலாக இருந்தால் எங்கோ ஒடிந்திருக்கிறது. டிவியைச் சுவரோடு ஒட்டி மாட்டும்போது கேபிள் பின்னால் செங்குத்தாக மடங்கி நசுங்குவதுதான் வழக்கமான காரணம். உள்ளே ஒடிந்த இழையை ஒட்டி மீட்க முடியாது. ஆடியோ கேபிள் விலைக்கு அந்த முயற்சியும் வேண்டாம், புதிது வாங்கிவிடலாம்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் துளை இருப்பதால் 'அவுட்'டை 'அவுட்'டோடு இணைத்துவிடுவதும் உண்டு. இந்தக் குழப்பத்துக்குச் சுலபமான விடை: சிவப்பு தெரியும் துளை அனுப்புவது, இருட்டாக இருப்பது வாங்குவது.

சிவப்பு நன்றாகத் தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை

வெளிச்சம் இருப்பதற்கும் சத்தம் இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்பதை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். இந்த முறையில் நேரக்கணக்கும் ஒலித் தகவலும் ஒரே வெளிச்சத்தில் கலந்து போகின்றன. படத்தில் நிசப்தமான காட்சி ஓடினாலும் விளக்கு நிமிடத்துக்கு நிமிடம் அல்ல, நொடிக்குப் பல லட்சம் முறை அணைந்து எரிந்துகொண்டே இருக்கும். நம் கண்ணுக்கு அது ஒரே சீரான சிவப்பு.

ஆகவே வெளிச்சம் உண்டு, ஒலி இல்லை என்றால் முக்கால்வாசி நேரம் மொழிப் பிரச்சினை. டிவி ஒரு வடிவத்தில் பேசுகிறது, எதிர்ப்பக்கம் புரியவில்லை. டிவி செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் என்ற இடத்தில் 'ஆட்டோ', 'பிட்ஸ்ட்ரீம்', 'டால்பி டிஜிட்டல்', 'பிசிஎம்' என்று இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு 'பிசிஎம்' (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) வையுங்கள். இரண்டு சேனல் ஒலி மட்டும் வரும், ஆனால் எல்லாச் சவுண்ட்பாருக்கும் ஆம்ப்ளிபையருக்கும் அது புரியும். வந்துவிட்டால் கேபிள் நல்லது என்று உறுதி. அதன்பின் வேண்டுமானால் 'டால்பி டிஜிட்டல்' முயன்று பாருங்கள்.

சில சேனலில் சத்தம் வருகிறது, ஒரு குறிப்பிட்ட ஆப்பில் மட்டும் ஊமை என்றாலும் இதே மருந்துதான். கம்ப்யூட்டரிலிருந்து ஆப்டிகலில் கொடுப்பவர்கள் சவுண்ட் செட்டிங்கில் சாம்பிள் ரேட்டை (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற எண்) 192 கிலோஹெர்ட்ஸ் என்று உயர்த்தி வைத்திருந்தால் 48 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். பெரிய எண் வைத்தால் ஒலி மெருகேறும் என்ற ஆசையில் நானும் வைத்து மௌனத்தைக் கேட்டிருக்கிறேன்.

சவுண்ட்பார் பக்கம் இன்புட் 'ஆப்டிகல்' அல்லது 'டி.இன்' என்று இருக்கிறதா என்பதையும் ஒரு தடவை பாருங்கள். கரண்ட் போய் வந்தால் சில பெட்டிகள் புளூடூத்துக்குத் தாவிவிடுகின்றன.

சத்தம் விட்டுவிட்டு வருகிறது, 'டப் டப்' என்று தெறிக்கிறது

டாஸ்லிங்க் முனையைப் பிடித்துவைக்கும் பிடிப்பு அப்படியொன்றும் பலமானதல்ல. மெல்லிய 'டிக்' சத்தத்தோடு உட்காரும், கேபிளின் பாரம் இழுத்தால் அரை மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும். ஒலி தெறிக்கும்போது முனையை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். சரியானால் கேபிளின் பாரத்தை டிவி ஸ்டாண்டில் தளர்வாகக் கட்டிவிட்டால் தீர்ந்தது. கேபிள் டை போட்டு இறுக்க வேண்டாம். இறுக்கும் இடத்திலேயே வெளிச்சம் கசியும்.

வளைவுக்கு ஒரு கணக்கு: டீ கிளாஸின் வாயைச் சுற்றி வளைக்கும் அளவுக்குக் கீழே போகக்கூடாது. அதாவது 25 மி.மீ. ஆரம். அதைவிடக் கூர்மையாக வளைத்தால் உள்ளே எதிரொளித்து ஓடவேண்டிய வெளிச்சம் பக்கவாட்டில் தப்பிவிடும்.

நீளமும் ஒரு காரணம். ஆடியோ கேபிளில் 5 மீட்டர் வரை யோசிக்கவே வேண்டாம். 10 மீட்டருக்கு மேல் போனால் அனுப்பும் விளக்கின் பலத்தைப் பொறுத்தது. 15 மீட்டர் கேபிளைச் சோபாவுக்கு அடியில் சுருட்டி வைத்துக்கொண்டு தெறிப்பைப் பற்றிக் குறைப்படுபவர்கள், முதலில் நீளத்தைக் குறைக்க வேண்டும்.

ஆப்டிகல் போட்டும் 'உம்ம்' இரைச்சல் போகவில்லை

ஆப்டிகலில் உலோகத் தொடர்பே இல்லை. டிவிக்கும் ஆம்ப்ளிபையருக்கும் நடுவே எர்த் வழியாக வரும் இரைச்சல் அந்தப் பாதையில் வர வழியே கிடையாது. இருந்தும் வருகிறது என்றால் வேறொரு கதவு திறந்திருக்கிறது. ஆம்ப்ளிபையரில் செட்டாப் பாக்ஸின் சிவப்பு வெள்ளை ஆடியோ வயரும் சேர்ந்தே மாட்டியிருக்கிறதா, எச்டிஎம்ஐ வயரும் தொங்குகிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது இரைச்சல் நிற்கிறதோ, அதுதான். எல்லாம் கழற்றியும் இருந்தால் ஆம்ப்ளிபையரின் உள்விவகாரம்.

டிவி ரிமோட்டில் வால்யூம் மாறவில்லை, அட்மாஸ் வரவில்லை

இவை கோளாறே இல்லை. ஆப்டிகல் ஒருவழிப் பாதை. 'வால்யூமைக் கூட்டு' என்ற கட்டளையைக் கொண்டுபோகும் வழி அதில் இல்லை. டால்பி டிஜிட்டல் 5.1 வரை வரும், அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருகிற மாதிரிக் கேட்கவைக்கும் டால்பி வகை) வராது. அது வேண்டுமென்றால் எச்டிஎம்ஐயில் 'ஆர்க்' அல்லது 'இ-ஆர்க்' என்று எழுதிய துளைக்கு மாறுங்கள். உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்றால் டிவியின் 'ஆடியோ டிலே' எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். இழையில் வெளிச்சம் போகும் நேரத்துக்கும் அந்தத் தாமதத்துக்கும் சம்பந்தமில்லை. படத்தையும் ஒலியையும் பெட்டிகள் பதப்படுத்தும் நேரம்தான் அது.

இனி இன்டர்நெட் பக்கம். இங்கேதான் கை வேலை அதிகம், கோளாறும் அதிகம்.

இரண்டு கன்வெர்ட்டரிலும் ஃபைபர் லிங்க் விளக்கு எரியவில்லை

முதலில் பவர் விளக்கு. எரிகிறதா? நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தது இங்கேதான். இந்தப் பெட்டிகளோடு வரும் குட்டி அடாப்டர்கள் நம்மூர் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்குச் சீக்கிரம் விழுந்துவிடும். பவர் விளக்கு மங்கலாகவோ சிமிட்டியோ எரிந்தால், அதே வோல்டேஜும் அதைவிடக் குறையாத ஆம்பியரும் உள்ள வேறு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள்.

பவர் சரி என்றால் அடுத்து இழைகளின் வரிசை. இரண்டு இழைகளில் ஒன்று போக, ஒன்று வர. இந்தப் பெட்டியின் அனுப்பும் துளையிலிருந்து கிளம்பும் இழை, அந்தப் பெட்டியின் வாங்கும் துளைக்குப் போகவேண்டும். இரட்டைக் கேபிளின் ஓர் இழையின் உறையில் கோடோ எழுத்தோ இருக்கும். ஒரு முனையில் கோடுள்ள இழை அனுப்பும் துளையில் இருந்தால், மறுமுனையில் அதே இழை வாங்கும் துளையில். இரண்டு முனையிலும் ஒரே இடத்தில் போட்டுவிட்டால் அனுப்புவது அனுப்புவதோடு மோதிக்கொண்டு நிற்கும், இரு பக்கமும் இருட்டு. சந்தேகமென்றால் ஒரு முனையில் மட்டும் இரண்டையும் இடம் மாற்றுங்கள்.

ஒரு பக்கம் லிங்க் எரிகிறது, மறுபக்கம் இல்லை

100 எம்பிபிஎஸ் பெட்டிகளில் அடிக்கடி காணும் அறிகுறி இது, நல்ல அறிகுறியும் கூட. இரண்டு இழைகளில் எது கெட்டது என்று பெட்டியே சொல்லிவிடுகிறது. விளக்கு எரியாத பெட்டிக்கு வெளிச்சம் வந்து சேரவில்லை என்று பொருள். எனவே அந்தப் பெட்டியின் வாங்கும் துளைக்கு வரும் இழையை மட்டும் கழற்றிப் பாருங்கள். பொட்டு மங்கல் என்றால் அந்த இழையின் இரண்டு முனைகளையும் புதிதாக வெட்டவேண்டும்.

உறுதி செய்ய இன்னொரு தந்திரம்: இரண்டு முனைகளிலும் இரண்டு இழைகளையும் இடம் மாற்றுங்கள். விளக்கு எரியாத நோய் அடுத்த பெட்டிக்குத் தாவினால் இழை கெட்டது. அதே பெட்டியிலேயே தங்கினால் இரண்டு பெட்டிகளில் ஒன்று கெட்டது. சில பெட்டிகள் ஒரு பக்கம் அறுந்தால் இரண்டு பக்க விளக்கையும் அணைத்துவிடும்படி வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் இந்தத் தடயம் கிடைக்காது, வெளிச்சச் சோதனைதான் வழி.

வெட்டுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். என் அனுபவத்தில் வீட்டு இழைகளின் கோளாறில் பெரும்பங்கு முனைகளில்தான். கண்ணாடி ஃபைபரில் ஒளி போகும் நடுப்பகுதி முடியைவிட மெல்லியது. அதை வெட்டி இணைக்க மெஷின் வேண்டும். பிளாஸ்டிக்கில் 1 மி.மீ. முழுதுமே கிட்டத்தட்ட ஒளிப்பாதை. அதனால் பிளேடு போதும். ஆனால் அந்தப் பிளேடு புதிதாக இருக்கவேண்டும். கத்தரிக்கோலும் கட்டிங் பிளேயரும் வெட்டுவதில்லை, நசுக்குகின்றன. என் மச்சான் தையல் கத்தரியால் வெட்டிய முனையைப் பார்த்தேன், தவலைக்கு அடியில் நசுங்கிய மாதிரி ஒரு பக்கம் தட்டையாக, வெள்ளை விரிசலோடு இருந்தது.

பெட்டியோடு சில சமயம் துளையுள்ள குட்டிக் கட்டர் தருவார்கள். அதுவே உத்தமம். இல்லையென்றால் மரப்பலகையில் இழையைக் கிடத்தி, பிளேடைச் செங்குத்தாக வைத்து ஒரே அழுத்தாக இறக்குங்கள். அறுக்கக்கூடாது. இரட்டைக் கேபிளை நடுவில் பிரித்து, முனைகளைச் சமமாக வெட்டி, உறையோடு அப்படியே துளைக்குள் தள்ளிப் பூட்டும் வகை பெட்டி என்றால் அவ்வளவுதான். பிளக் மாட்டும் வகை என்றால் கண்ணாடித் துண்டின் மேல் 600 நம்பர் உப்புத்தாளை வைத்து, எட்டு போடுகிற மாதிரித் தேய்த்து, பிறகு இன்னும் நைசான தாளில் தேய்த்து முடிக்கவேண்டும்.

வெட்டியதைச் சோதிக்க மறுமுனையில் வெளிச்சம் கொடுத்து, இந்த முனையைப் பாருங்கள். பௌர்ணமி நிலா மாதிரி வட்டம் முழுக்க ஒரே சீராகத் தெரிந்தால் நல்ல வெட்டு. பிறை மாதிரித் தெரிந்தால் சாய்ந்திருக்கிறது, மறுபடி வெட்டுங்கள். இதற்காகத்தான் சுவர்ப் பெட்டிக்குள் ஓர் அரை மீட்டர் உபரி விட்டுவைக்கச் சொல்வது. டார்ச்சின் வெள்ளை வெளிச்சம் நீளமான இழையைக் கடந்து கொஞ்சம் பச்சையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அக்ரிலிக் பச்சையை விடவும் நீலத்தையும் சிவப்பின் சில பகுதிகளையும் அதிகமாக விழுங்கும் சுபாவமுடையது.

முனையைத் துடைக்க உலர்ந்த பஞ்சுத்துணி போதும். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் இரண்டும் கிட்டவே வரக்கூடாது. அசிட்டோன் அக்ரிலிக்கைக் கரைத்துவிடும்.

லிங்க் எரிகிறது, ஆனால் நெட் இல்லை அல்லது அடிக்கடி அறுகிறது

லிங்க் விளக்கு எரிவது, வாங்கும் பக்கம் எப்படியோ சமாளிக்கும் அளவுக்கு வெளிச்சம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. ஓரத்தில் நிற்கும் சிக்னலாக இருந்தால் பிழைகள் மலிந்து, வீடியோ கால் உறையும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த இழையில் மீட்டருக்கு ஏறக்குறைய 0.2 டெசிபெல் இழப்பு. 15 மீட்டரில் வெளிச்சம் பாதியாகிறது, 50 மீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. நல்ல கண்ணாடி ஃபைபரில் இதே 0.2 டெசிபெல் இழக்க ஒரு கிலோமீட்டர் போகவேண்டும். அதனால்தான் பிளாஸ்டிக் வீட்டோடு நிற்கிறது, தெருவைத் தாண்டுவதில்லை. நடுவில் ஜாயின்ட் போட்டிருந்தால் ஒவ்வொரு ஜாயின்டும் பல மீட்டர் கேபிளுக்குச் சமமான வெளிச்சத்தைத் தின்னும். முடிந்தவரை ஒரே துண்டாக இழுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நெட் இல்லையென்றால் கன்வெர்ட்டரை மறந்துவிட்டு, ரவுட்டரிலிருந்து கீழ்ப் பெட்டிக்கு (ரவுட்டர் பக்கம் இருக்கும் கன்வெர்ட்டருக்கு) வரும் சாதாரண லேன் வயரை மாற்றிப் பாருங்கள்.

ஸ்பீடு 94-க்கு மேல் ஏறவில்லை

உங்களிடம் இருப்பது 100 எம்பிபிஎஸ் பெட்டி. 94 என்பது அதன் முழு மார்க். கூடுதல் வேண்டுமென்றால் இரண்டு பெட்டிகளையும் கிகாபிட் வகைக்கு மாற்றவேண்டும். பிளாஸ்டிக் ஃபைபரில் கிகாபிட் ஓடுவதற்கான பொதுத் தரம், ஐஇஇஇ 802.3பிவி, 2017-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய கிகாபிட் பெட்டிகள் அவரவர் சொந்த முறையில் பேசின. பழையதையும் புதியதையும் கலந்தால் லிங்க் வராமல் போகலாம். ஜோடியாகவே வாங்குங்கள்.

கிகாபிட் பெட்டி போட்டும் 94 என்றால் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள லேன் வயரில் எட்டுக் கம்பிகளில் நான்கு மட்டும் வேலை செய்கின்றன என்று பொருள். குற்றம் தாமிரத்தில், பழி பிளாஸ்டிக்குக்கு.

காலையில் நன்றாக ஓடுகிறது, மதியம் அறுந்துபோகிறது

சித்திரை வெயிலின் கைவரிசை. பொதுவாக இந்த இழைகள் 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், சில வகைகள் 85 வரை. மொட்டைமாடித் தகரக் கூரைக்கு ஒட்டி, கீசருக்குப் பின்னால், இன்வெர்ட்டர் அலமாரிக்குள் போகும் இழைக்கு இது சோதனைக்காலம். வெப்பம் ஏறினால் அனுப்பும் எல்இடியின் பலமும் கொஞ்சம் குறையும். ஓரத்தில் நின்ற சிக்னல் அப்போது விழும். பெட்டியைத் தொட்டுப் பார்த்துக் கொதித்தால் திறந்த இடத்துக்கு மாற்றுங்கள்.

ஒரு கோடை போனபின் இன்னொரு விந்தை நடக்கும். வெப்பத்தில் மாறி மாறி விரிந்து சுருங்கியதில் உறையும் உள்ளிழையும் ஒன்றுக்கொன்று நழுவி, இழை முனை உறைக்குள் உள்வாங்கியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டு நன்றாகவே இருக்கும். கழற்றி உற்றுப் பார்த்தால் சின்னக் குழி தெரியும். இரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

கேமராவுக்குப் பவர் போகவில்லை, கரண்ட் போனால் நெட்டும் போகிறது

லேன் வயரிலேயே மின்சாரம் கொடுத்த பழக்கத்தில் கேமராவை ஃபைபருக்கு மாற்றியவர்கள் இதைக் கேட்பார்கள். பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தாது. அங்கே தனியாகப் பவர் வேண்டும். அதேபோல இரண்டு கன்வெர்ட்டர்களும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா பாருங்கள். கீழே ரவுட்டர் மட்டும் இன்வெர்ட்டரில், மேலே கன்வெர்ட்டர் சாதா பிளக்கில் என்பதுதான் பல வீட்டு நிலவரம்.

மின்சாரம் கடத்தாது என்பதே இதன் பெரிய லாபமும். கரண்ட் வயர் போகும் சுவர்ப் பைப்பிலேயே இதை இழுக்கலாம், இரைச்சல் ஏறாது. ஆனால் இழுக்கும்போது மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் அண்ணன் கையால் நடக்கட்டும். எல்போ வளைவில் முறுக்கி இழுக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும் உங்கள் வேலை.

இடி விழுந்ததிலிருந்து இணைப்பு இல்லை

இழை வழியாக மின்னல் வீச்சு வராது. அடாப்டர் வழியாக வரும். ரவுட்டர், கீழ்ப் பெட்டி, மேல் பெட்டி மூன்றின் அடாப்டர்களையும் முதலில் பாருங்கள். பிறகு ரவுட்டரின் லேன் துளையை வேறொரு துளைக்கு மாற்றுங்கள். இரண்டு பெட்டிகளிலும் பவர் எரிந்து, ஒன்றின் அனுப்பும் துளை மட்டும் இருட்டாக இருந்தால் அந்தப் பெட்டி போய்விட்டது. சுவருக்குள் இருக்கும் கேபிளைத் தொடாதீர்கள், பெட்டியை மட்டும் மாற்றுங்கள்.